இப்போதான் வந்துச்சாம்: பிரெஞ்சு கண்டிஷனலில் ‘சற்று முன்’ சொல்வது எப்படி?

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். என்னிடம் பிரெஞ்சு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா அங்கே மீன் எடுத்துவந்து தெருவில் விற்கிறவர். போட் வந்துவிட்டதா என்று வழியில் யாரைக் கேட்டாலும் மூன்று விதமாகத்தான் பதில் வரும் என்று அந்தப் பெண் ஒருநாள் சொன்னாள்.

“போட் இப்பதான் வந்துச்சு.”

“போட் இப்பதான் வந்துச்சாம்.”

“போட் இப்பதான் வந்திருக்கும்.”

முதல் பதில் கண்ணால் பார்த்தவர் சொல்வது. அதைக் கேட்டால் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இரண்டாவது, யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. கூடையை எடுப்பார், ஆனால் போகிற வழியில் இன்னொருவரைக் கேட்டுக்கொள்வார். மூன்றாவது வெறும் கணக்கு. அதற்கு டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

பிரெஞ்சில் ‘சற்று முன் நடந்தது’ என்பதைக் கண்டிஷனல் என்ற வினைவடிவத்தில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு விடை கிட்டத்தட்ட இந்த மூன்று வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரியில் பார்ட் ஒன் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவர்கள். இந்த இடத்துக்கு வந்ததும் எல்லாரும் இரண்டில் ஒரு தப்போடு நிற்கிறார்கள். சிலருக்கு, “‘சற்று முன்’ என்று சொல்லப் பயன்படும் வினைக்குக் கண்டிஷனலே கிடையாது, மனப்பாடம் பண்ணிக்கோ” என்று எங்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் ‘வுட் ஹேவ் ஜஸ்ட்’ வரும் இடத்திலெல்லாம் அந்த வினையின் கண்டிஷனலைக் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். இரண்டும் சரியில்லை. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதால் வரும் தப்புகள் இவை. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதை சின்னது.

ஒரு சின்ன ஏற்பாடு: பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘வியேன்’ என்று எழுதினால் கடைசி ன் மூக்கால் வரவேண்டும், நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடாது. தனியாக நிற்கும் ‘த’ என்பதை ‘தயவு’ என்ற சொல்லில் வரும் மென்மையான த போலச் சொல்லுங்கள்.

முதலில் ‘இப்போதான்’

‘மழை வரப் போகுது’ என்கிறோம். மழை எங்கேயும் போகவில்லை, வரத்தான் போகிறது. ஆனாலும் ‘போ’ என்ற வினையைக் கடன் வாங்கி, கிட்டத்தில் நடக்கப்போவதைச் சொல்கிறோம். பிரெஞ்சிலும் இதே பழக்கம் உண்டு. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ‘வா’ என்ற வினையைக் கடன் வாங்கி, கிட்டத்தில் நடந்து முடிந்ததையும் சொல்கிறார்கள்.

‘வா’ என்பதற்கு அவர்கள் சொல் வெனீர். ‘இருந்து’ என்பதற்கு த. இரண்டையும் சேர்த்து, பின்னால் இன்னொரு வினையைப் போட்டால் ‘அந்தச் செயலிலிருந்து வருகிறேன்’ என்று ஆகும். அதாவது, அதை இப்போதுதான் முடித்தேன். கையில் ஈரத்தோடு நின்று ‘சாப்பிட்டுட்டு வரேன்’ என்கிறோமே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இல் வியேன் த பர்த்தீர். அவர் இப்போதுதான் கிளம்பினார்.

ல பத்தோ வியேன் தரிவே. போட் இப்போதுதான் வந்தது.

இரண்டாவது வாக்கியத்தில் த, அரிவே என்ற இரண்டும் ஒட்டி ‘தரிவே’ ஆகிவிட்டது. உயிரெழுத்துக்கு முன்னால் த தன் உயிரை விட்டுக்கொடுக்கும். புணர்ச்சி படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த அமைப்பின் பெயர் பாஸே ரேஸான். அண்மை இறந்தகாலம் என்று பொருள். த-வுக்குப் பின்னால் வரும் வினை எப்போதும் அகராதியில் இருக்கும் வடிவத்திலேயே நிற்கும். அந்த வடிவத்துக்கு இன்ஃபினிட்டிவ் என்று பெயர். பர்த்தீர் என்பது இன்ஃபினிட்டிவ், ‘கிளம்ப’. பர்த்தி என்பது ‘கிளம்பிய’ என்ற முடிந்துபோன வடிவம். அதற்குப் பெயர் பார்ட்டிசிப்பிள். த-வுக்குப் பின்னால் பார்ட்டிசிப்பிள் வரவே கூடாது. நடந்து முடிந்த விஷயம்தானே என்று நினைத்துக் கை தானாகப் பர்த்தி என்று எழுதிவிடும். தேர்வுத்தாளில் மதிப்பெண் போகிற இடம் இது.

‘அண்மை’ என்பது எவ்வளவு அண்மை என்று கேட்பார்கள். கடிகாரம் வைத்து அளக்கும் விஷயம் இல்லை இது. சொல்கிறவர் மனதில் அது ‘புதுசு’ என்றால் போதும். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ‘அப்போதுதான் ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்திருந்தார்கள்’ என்று அந்த நாளைப் பற்றி எழுதும்போது தாராளமாக வெனீர் த போடலாம். இடையில் சில நாள் இருந்தாலும் குற்றமில்லை.

இந்த அமைப்புக்கு இரண்டு வீடுதான்

சாதாரணப் பேச்சில் பாஸே ரேஸான் இரண்டு காலங்களில்தான் குடியிருக்கும். ஒன்று நிகழ்காலம்: வியேன். மற்றொன்று வெனே. இது இம்பர்ஃபே என்ற இறந்தகாலம், அதாவது ஒரு பழைய நிகழ்ச்சியின் பின்னணியைச் சொல்லும் காலம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட அனுபவம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கெல்லாம் உண்டு. கேட் மூடியிருக்கும், சைக்கிள் முதல் லாரி வரை வரிசை கட்டி நிற்கும். வண்டி போய் முடிந்து கேட் திறந்து, ஸ்டேஷனுக்குள் ஓடினால், நாம் பிடிக்க வேண்டியிருந்த கும்மிடிப்பூண்டி வண்டியேதான் அது என்று தெரியும்.

கான் ஜ ஸுயி அரிவே, ல த்ரேன் வெனே த பர்த்தீர்.

நான் வந்தபோது ரயில் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

நிகழ்காலத்தில் ‘இப்போதான்’, இம்பர்ஃபேயில் ‘அப்போதான்’. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவதாக ஒரு வீடு பார்க்கப் போகிறவர்கள் ‘ல த்ரேன் ஏ வெனு த பர்த்தீர்’ என்று எழுதுகிறார்கள். இது ஓடாது. காரணத்தைக் கவனியுங்கள், பின்னால் இதுதான் நமக்குச் சாவி. வெனு என்பது வெனீரின் பார்ட்டிசிப்பிள்: ‘வந்த’. வெனீர் அந்த வடிவத்துக்குப் போன நிமிடமே கடன் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மறுபடி கால் முளைத்து, ஓர் இடத்திலிருந்து வந்தது என்ற பழைய அர்த்தம் மட்டும் மிஞ்சும். ‘ரயில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தது’ என்று சொல்ல வெனு சரி. ‘கிளம்புவதிலிருந்து வந்தது’ என்றால் பிரெஞ்சுக்காரருக்கு எதுவும் புரியாது.

இதுவரை பார்த்தது: வெனீர், த, இன்ஃபினிட்டிவ் மூன்றும் சேர்ந்தால் ‘இப்போதான்’. வியேன், வெனே இரண்டும் சரி. வெனு வந்தால் அர்த்தம் கெட்டுப்போகும்.

கண்டிஷனல் என்ற பெயர் செய்யும் குழப்பம்

கண்டிஷனல் என்றால் நிபந்தனை, நிபந்தனை என்றால் ‘ஆல்’ வரவேண்டும்: வந்தால், போனால், இருந்தால். பெயரைக் கேட்டதும் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது இந்த வடிவம் செய்யும் வேலைகளில் ஒன்றுதான். கடையில் மரியாதையாக ஒன்றைக் கேட்கும்போது ‘ஜ வூத்ரே’ என்கிறார்கள். ‘எனக்கு இது கிடைத்தால் நன்றாயிருக்கும்’ என்கிற தொனி. அதுவும் கண்டிஷனல்தான், அங்கே எந்த நிபந்தனையும் இல்லை.

பொதுவாக என்ன நடக்கிறது? சொல்கிறவர் தான் சொல்லும் விஷயத்திலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறார். ‘இது நடந்தது என்று நான் கையெழுத்துப் போடவில்லை’ என்கிறார். மரியாதைக்காகத் தள்ளி நிற்கலாம். நடக்காத கதை என்பதால் தள்ளி நிற்கலாம். யாரோ சொன்னது என்பதாலும் தள்ளி நிற்கலாம். இந்தக் கடைசி வகையைத்தான் பாடப்புத்தகங்கள் அவசரமாகக் கடந்துபோகின்றன.

வடிவத்தைப் பொறுத்தவரை கஷ்டமில்லை. எதிர்காலத்தின் அடிச்சொல்லை எடுத்து இம்பர்ஃபேயின் வாலை ஒட்டினால் கண்டிஷனல். வெனீருக்கு எதிர்காலம் வியேந்த்ரா, வருவார். வாலை மாற்றினால் வியேந்த்ரே. இது கண்டிஷனலின் நிகழ்கால வடிவம். இறந்தகால வடிவத்துக்கு ஒரே அல்லது ஸெரே என்ற துணைவினையைப் போட்டு, பின்னால் பார்ட்டிசிப்பிளைச் சேர்க்க வேண்டும். (முதல் துணைவினை நம் ‘ஒரே’ மாதிரியே ஒலிப்பதால் மாணவர்களுக்கு மறக்காது.) ‘ஸெரே பர்த்தி’ என்றால் கிளம்பியிருப்பார், அல்லது கிளம்பிவிட்டாராம். எந்த அர்த்தம் என்பதைச் சூழ்நிலை சொல்லும்.

‘ஆம்’ என்ற ஓர் அசை

பிரெஞ்சுச் செய்திகளில் இப்படி ஒரு வரி வந்தது என்று வையுங்கள்:

ல மினிஸ்த்ர் வியேந்த்ரே த தெமிஸியொனே.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் ‘வுட் ஹேவ் ஜஸ்ட் ரிசைன்ட்’ என்று பெயர்த்து, ‘எப்போது ராஜினாமா செய்திருப்பார்? என்ன நடந்திருந்தால்?’ என்று மீதி வாக்கியத்தைத் தேடுவார். மீதி எதுவும் இல்லை. வாக்கியம் முடிந்துவிட்டது. அதன் பொருள்:

மந்திரி இப்போதுதான் ராஜினாமா செய்தாராம்.

‘ஆம்’. அந்த ஒரே அசைதான் வியேந்த்ரேயின் ‘ரே’ செய்யும் வேலை முழுவதையும் செய்கிறது. நம் நாளிதழ்கள் எழுத்து நடையில் ‘ராஜினாமா செய்துவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதும். பிரெஞ்சுச் செய்தியாளர், தகவல் இன்னும் உறுதியாகவில்லை என்றால் வினையைக் கண்டிஷனலில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பத்திரிகைக் கண்டிஷனல் என்றே இதற்குப் பெயர் உண்டு. ‘ஸெலோன்’ என்ற சொல்லைப் போட்டு யார் சொன்னது என்று முன்னால் சேர்ப்பதும் வழக்கம்: ‘ரேடியோ சொன்னபடி’ என்கிற மாதிரி.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். கேள்விப்பட்ட செய்தியாக மாற்றும்போது நீங்கள் புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. உறுதியாகச் சொல்லும் வாக்கியத்தை எடுத்து, அதன் முதல் வினையை மட்டும் கண்டிஷனலுக்கு மாற்றுகிறீர்கள்.

‘இல் ஏ பர்த்தி’ என்றால் அவர் கிளம்பிவிட்டார். ஏ என்பதை மாற்றினால் ‘இல் ஸெரே பர்த்தி’, கிளம்பிவிட்டாராம்.

‘இல் வியேன் த பர்த்தீர்’ என்றால் இப்போதுதான் கிளம்பினார். வியேன் என்பதை மாற்றினால் ‘இல் வியேந்த்ரே த பர்த்தீர்’, இப்போதுதான் கிளம்பினாராம்.

தமிழிலும் இதேதான் நடக்கிறது. ‘கிளம்பினார்’ அப்படியே இருக்கிறது, அதன் வாலில் ‘ஆம்’ ஏறுகிறது. வியேந்த்ரேயில் வெனு இல்லை, பார்ட்டிசிப்பிள் இல்லை. அதனால் கடன் வாங்கிய ‘இப்போதான்’ பொருள் பத்திரமாக இருக்கிறது. ‘வெனீர் த-வுக்குக் கண்டிஷனலே கிடையாது’ என்று சொன்னவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

இந்த ஒற்றுமை தற்செயலா என்று எனக்குப் பலநாள் சந்தேகம் இருந்தது. குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. நம் தெருவில் பிள்ளைகள் விளையாட்டு தொடங்கும்போது என்ன சொல்வார்கள்? “நீ டாக்டராம், நான் பேஷண்ட்டாம்.” பிரெஞ்சுக் குழந்தைகளும் இதே இடத்தில் கண்டிஷனல்தான் போடுகிறார்கள்: ‘து ஸெரே ல தொக்தெர்’, நீ டாக்டராம். யாரோ சொன்னதும் ‘ஆம்’, பாவனையும் ‘ஆம்’. உலகத்தின் இரு மூலைகளில் இருக்கும் இரண்டு மொழிகள், நான் கையெழுத்துப் போடாத விஷயம் என்பதற்கு ஒவ்வொன்றும் ஒரே குறியை வைத்துக்கொண்டு, செய்தி அறையிலும் திண்ணையிலும் ஒரே மாதிரி பயன்படுத்துகின்றன. இதைப் பாடத்தில் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் எல்லா ‘ஆம்’களும் கண்டிஷனல் ஆகாது. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்’ என்று பாட்டி கதையில் வரும் ‘ஆம்’ இங்கே பொருந்தாது. பிரெஞ்சுப் பாட்டி அதைச் சாதாரண இம்பர்ஃபேயில்தான் தொடங்குவார்.

அதேபோல் ‘ரயில் அப்போதுதான் போனதாகச் சொன்னான்’ என்று, சொன்ன ஆளை நிறுத்தி ‘சொன்னான்’ என்ற வினையையும் போட்டுவிட்டால் கண்டிஷனல் தேவையில்லை. ‘இல் ஆ தி க ல த்ரேன் வெனே த பர்த்தீர்’ என்று இம்பர்ஃபேயே போதும். பொறுப்பை ஏற்கத்தான் ஓர் ஆள் வாக்கியத்துக்குள் வந்துவிட்டானே.

த-வுக்குப் பின்னால் பாருங்கள்

இல் வியேந்த்ரே த பாரி.

இதில் ‘இப்போதான்’ இல்லை. பாரி என்பது பாரிஸ், ஊர்ப் பெயர். அவர் பாரிஸிலிருந்து வருவாராம், அவ்வளவுதான். த-வுக்குப் பின்னால் ஊரோ பொருளோ இருந்தால் வெனீருக்குக் கால் உண்டு, நடந்து வரும். வினை இருந்தால் ‘இப்போதான்’. படிக்கும்போது வியேந்த்ரேயைப் பார்த்ததும் முடிவுகட்ட வேண்டாம், அடுத்த இரண்டு சொல்லையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதுவரை பார்த்தது: உறுதியாகாத செய்தியைச் சொல்லும்போது வியேந்த்ரே த என்பது முழுக்கச் சரியான, வழக்கில் இருக்கும் வடிவம். தமிழில் ‘இப்போதான் … ஆம்’.

நடக்காத கதையில் மட்டும் கதவு சாத்தியிருக்கிறது

இனிமேல் வருவது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

‘ஆறு மணிக்கு வந்து சேர்ந்திருந்தால், ரயில் அப்போதுதான் போயிருக்கும்.’ நான் ஆறு மணிக்கு வரவில்லை. நடக்காததைக் கற்பனை செய்கிறேன், அதுவும் கடந்த காலத்தில். பிரெஞ்சில் இதற்குக் கண்டிஷனலின் இறந்தகால வடிவம் தேவை. அதற்குப் பார்ட்டிசிப்பிள் தேவை. வெனீருக்குப் பார்ட்டிசிப்பிள் வெனு. வெனு வந்தால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்தோம்: ‘இப்போதான்’ என்ற பொருள் காணாமல் போய்விடும். ஆகவே ‘ஸெரே வெனு த பர்த்தீர்’ என்று எழுத முடியாது. ரயில்வே கேட்டில் நம்மை நிறுத்திய அதே தடைதான் இங்கேயும் நிறுத்துகிறது. புது விதி ஒன்றும் இல்லை.

அப்போது பிரெஞ்சுக்காரர் என்ன செய்வார்? வெனீரை விட்டுவிடுவார். ‘கிளம்பு’ என்ற வினையையே நேராகக் கண்டிஷனல் இறந்தகாலத்தில் போட்டு, ‘இப்போதான்’ என்ற பொருளை ஒரு தனிச்சொல்லிடம் கொடுத்துவிடுவார்:

ஸி ஜெத்தே அரிவே ஆ ஸிஸெர், ல த்ரேன் ஸெரே தூ ஜுஸ்த் பர்த்தி.

தூ ஜுஸ்த் என்றால் ‘சற்று முன்புதான்’. அதன் இடத்தில் ‘ஆ பென்’ என்றும் சொல்லலாம். யோசித்தால் தமிழ் எப்போதும் செய்வது இதுதான். நமக்கு ‘இப்போதான்’ என்பது தனிச்சொல், வினை தன் பாட்டுக்கு எந்தக் காலத்திலும் திரியும். வெனீர் த-வைக் கையாள்வது கடினமாக இருக்கும்போதெல்லாம், தமிழைப் போலவே ஒரு தனிச்சொல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கற்பனை நிகழ்காலத்தைப் பற்றியதாக இருந்தால் வியேந்த்ரே மறுபடி உள்ளே வரலாம். ‘வண்டி சரியான நேரத்தில் ஓடினால், இந்நேரம் இப்போதுதான் கிளம்பியிருக்கும்’:

ஸில் எத்தே ஆ லெர், இல் வியேந்த்ரே த பர்த்தீர்.

இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் பேச்சில் அரிது. படிக்கும்போது புரிந்துகொள்ளுங்கள். எழுதும்போது தூ ஜுஸ்த் போடுவதே என் பரிந்துரை.

‘ஸி’ என்ற சொல் இங்கே வந்துவிட்டது, நம் ‘ஆல்’ அதுதான். அதற்குப் பக்கத்திலேயே கண்டிஷனல் வராது. பிரெஞ்சுப் பள்ளிகளில் இதைச் சொலவடையாகவே வைத்திருக்கிறார்கள்: ‘ஸி-க்கு ரே பிடிக்காது’. ஆனால் ஸி-க்குப் பக்கத்தில் இம்பர்ஃபே தாராளமாக வரலாம், அதனால் வெனே த அங்கே சுகமாக உட்காரும்:

ஸி து வெனே த மான்ஜே, து நொரே பா ஃபேன்.

நீ இப்போதுதான் சாப்பிட்டிருந்தால் உனக்குப் பசிக்காது.

முதல் பாதியில் ‘இப்போதான்’, இரண்டாம் பாதியில் கண்டிஷனல். ‘அண்மை இறந்தகாலமும் கண்டிஷனலும் ஒரே வாக்கியத்தில்’ என்று கேள்வித்தாளில் வந்தால், பெரும்பாலும் இந்த மாதிரி வாக்கியத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

‘இருக்கும்’ என்ற சொல் நம்மை ஏமாற்றும் இடம்

இதுவரை தமிழைப் புகழ்ந்தேன். ஓர் இடத்தில் தமிழே நம்மைக் குழப்பும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

‘போட் இப்பதான் வந்திருக்கும்.’ மணியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் சொன்ன மூன்றாவது பதில் நினைவிருக்கிறதா? அதே ‘வந்திருக்கும்’ என்ற சொல்லை, நடக்காத கதைக்கும் பயன்படுத்துகிறோம்: ‘காத்து அடிக்காம இருந்திருந்தா போட் இப்பதான் வந்திருக்கும்.’ முதலாவது யூகம்: அநேகமாக வந்துவிட்டது. இரண்டாவது நடக்காதது: வரவில்லை. ஒன்றில் போட் கரையில் நிற்கிறது, மற்றொன்றில் கடலில் நிற்கிறது. தமிழில் சொல் ஒன்றே.

பிரெஞ்சு இவற்றைப் பிரித்து வைக்கிறது. நடக்காததற்கு மேலே பார்த்த கண்டிஷனல். யூகத்துக்குத் துவா என்ற வினை, நம் ‘வேண்டும்’ மாதிரி. ‘இந்நேரம் வந்திருக்க வேண்டும்’ என்கிறோமே, அந்த வேண்டும்.

இல் துவா வெனீர் த பர்த்தீர். அவர் இப்போதுதான் கிளம்பியிருக்க வேண்டும்.

இதில் வெனீர் தானே இன்ஃபினிட்டிவாக நிற்கிறது. அந்த வடிவத்திலும் ‘இப்போதான்’ பொருள் கெடுவதில்லை. வெனு ஒன்றுதான் வில்லன். யூகத்துக்குக் கண்டிஷனலைப் போட்டால் கேட்பவர் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வார். நீங்களே கணக்குப் போட்டதை யாரோ சொன்ன வதந்தி என்று நினைத்துவிடுவார்.

அதனால் மாணவர்களிடம் ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறேன். பிரெஞ்சில் எழுதுவதற்கு முன், அந்த வரியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வினையின் வாலில் ‘ஆம்’ வந்தால் வியேந்த்ரே த. ‘இருக்கும்’ என்று வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, விஷயம் நடந்ததா, நடக்கவில்லையா என்று தன்னையே கேட்க வேண்டும். நடந்திருக்கும் என்று நினைத்தால் துவா வெனீர் த. நடக்கவில்லை என்று தெரிந்தால் தூ ஜுஸ்த்தும் பார்ட்டிசிப்பிளும்.

இரண்டு குறுஞ்செய்திகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து முதல் படகுகள் கரை திரும்பும் நாளில் காசிமேட்டில் வதந்திக்குப் பஞ்சமிருக்காது. இத்தனை போட் வந்ததாம், சங்கரா நிறைய பட்டதாம், வஞ்சரம் இல்லையாம்.

அன்றைக்கு அந்தப் பெண்ணும் அம்மாவோடு துறைமுகத்துக்குப் போயிருந்தாள். நான் எழுந்து போனைப் பார்த்தபோது அவளிடமிருந்து இரண்டு செய்திகள் காத்திருந்தன. முதலாவது நாலே கால் மணிக்கு அனுப்பியது, வரிசையில் நின்றுகொண்டு யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறாள்:

லே பத்தோ வியேந்த்ரே தரிவே.

போட்டெல்லாம் இப்போதுதான் வந்ததாம். ஒன்றுக்கு மேற்பட்ட போட் என்பதால் ல என்பது லே ஆகியிருக்கிறது. வியேந்த்ரேக்குப் பன்மையில் எழுத்துதான் மாறும், ஒலி மாறாது.

இரண்டாவது எட்டு நிமிடம் கழித்து வந்திருந்தது:

லே பத்தோ வியென் தரிவே.

வியேன் என்பதற்குப் பன்மை வியென், மூக்கொலி போய் ன் முழுசாக ஒலிக்கும். ‘ரே’ போய்விட்டது, ‘ஆம்’ போய்விட்டது. கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தாள். இருட்டில் மூன்று போட்களின் விளக்கு, முன்னால் ஈரத்தரை, ஓரத்தில் அம்மாவின் கூடை.